அரை மணி நேரம் இன்சார்ஜ் சிஸ்டர்

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். நான்காம் ஆண்டு மாணவிகள் ஊசி, டிரெஸ்ஸிங் எல்லாம் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் பெரியாஸ்பத்திரி போஸ்டிங்கில் 'இன்று நீதான் இன்சார்ஜ்' என்றால் வாயே திறப்பதில்லை. சிமுலேஷன் மூலம், அதாவது வார்டில் நடப்பதை வகுப்பிலேயே நடித்துப் பார்த்து, தலைமைப் பண்பைப் பழக்கச் சொல்கிறார் முதல்வர். எங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு பழைய டம்மி (நோயாளி பொம்மை). என்ன செய்யலாம்?

பதில்: டம்மி பழையதாகவே இருக்கட்டும். இன்சார்ஜ் வேலை பெரும்பாலும் வாயும் காதும் செய்கிற வேலை. அதற்கு மனிதர்கள்தான் வேண்டும். வகுப்பு நிறைய இருக்கிறார்களே.

ஸ்கில் லேபில் ஆறு பெட் போடுங்கள். நைட் டியூட்டி. ஒருத்தி இன்சார்ஜ், இரண்டு பேர் ஜூனியர். மூன்றாம் பெட்டில் ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு பி.பி. 90/60, நாடி 120. உள்ளே ரத்தக்கசிவோ என்று சந்தேகம் வரவேண்டிய நேரம். அப்போது பார்த்து ஐந்தாம் பெட்காரரின் அண்ணன், "டிரிப் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, கேக்க நாதியில்லையா?" என்று சத்தம் போடுகிறார். (இந்த வேடத்துக்கு மதுரைப் பிள்ளைகளுக்கு ஒத்திகையே வேண்டாம்.) போன் வேறு அடிக்கிறது, புது அட்மிஷன்.

இங்கே இன்சார்ஜைக் கவனியுங்கள். "யாராவது பி.பி. பாருங்க" என்றால் ஒருவரும் நகரமாட்டார்கள். "செல்வி, மூணாம் பெட்டுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பி.பி. பாத்து எங்கிட்ட சொல்லு" என்று பெயர் சொல்லி வேலையைப் பிரிக்கிறாளா? செல்வி அதைத் திருப்பிச் சொல்கிறாளா? டியூட்டி டாக்டரிடம், "சார், பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கார்" என்கிறாளா, இல்லை எஸ்பார் முறையில் நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, தேவை என்று வரிசையாகச் சொல்கிறாளா? அந்தக் கடைசிப் பகுதியில், "நீங்க உடனே வந்து பாக்கணும் சார்" என்று கேட்பதில்தான் நம் பிள்ளைகளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதை மட்டும் பத்து முறை பேசவிட்டாலும் தகும்.

கஷ்டம் உங்களுக்குத்தான்; நடுவில் நீங்கள் வாய் திறக்கக்கூடாது. 15 நிமிடக் காட்சி என்றால் பிறகு அரை மணி நேரமாவது டீபிரீஃபிங், அதாவது நடந்ததை உட்கார்ந்து பேசிப் பார்ப்பது வேண்டும். மணி அடித்துவிட்டது என்று அதை வெட்டினால் நடந்தது வெறும் நாடகம். "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவாள். "அந்த நேரம் மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேளுங்கள். மார்க் கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. அமெரிக்க நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றியும் மாணவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நடத்தினார்கள். வார்டு போஸ்டிங்கைக் குறைக்க யாரும் இதைச் சாக்காக்க விடாதீர்கள்.

வாயே திறக்காத பிள்ளையை முதல் நாளே இன்சார்ஜ் ஆக்க வேண்டாம். முதலில் அந்த அண்ணனாகக் கத்தவிடுங்கள். அடுத்த வாரம் ஜூனியர், அதற்கப்புறம் இன்சார்ஜ்.