ஏலக்காய்த் தொழிலுக்குப் பாட்காஸ்ட் எதற்கு? எல்லையோர வணிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

போடி, கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் தொழில் நடத்துவோர் பாட்காஸ்ட் (இணையம் வழியே தொடராக வெளியிடும் ஒலி நிகழ்ச்சி) தொடர்பாக அனுப்பியிருந்த கேள்விகளுள் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (ஏலக்காய் வணிகர், போடி): ஐயா, ஏலக்காய் வாங்கி வடமாநிலங்களுக்கு அனுப்புகிறேன். விலை விவரம் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகிறது. பாட்காஸ்ட் தொடங்கினால் புதிதாக என்ன கிடைக்கும்?

விலையைச் சொல்வதற்காக என்றால் ஒன்றும் கிடைக்காது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடந்து முடிந்த அன்றே சராசரி விலை எல்லோர் கைக்கும் வந்துவிடுகிறது; அதை மறுநாள் நீங்கள் படித்துக்காட்டினால் கேட்பதற்கு ஆள் இருக்காது. ஆனால் தில்லியிலோ கான்பூரிலோ இருந்துகொண்டு மூட்டைக் கணக்கில் வாங்குபவர் பார்க்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதுதான் தோட்டம். கோடை மழை தவறியதால் காய் பிடிக்கும் சரம் எவ்வளவு குறைந்திருக்கிறது, அடுத்த காய் எடுப்பு எப்போது, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் இந்த முறை ஏன் அதிகம் வரவில்லை, நிறம் மங்கியிருப்பது ஸ்டோரில் (காயை உலர்த்தும் கூடத்தில்) உலர்த்தியதில் ஏற்பட்ட குறையா பருவத்தின் குறையா என்பவற்றை ஒரு விவசாயியையும் ஒரு ஸ்டோர்க்காரரையும் பேசவைத்து, மாதம் இருமுறை, பன்னிரண்டு அல்லது பதினைந்து நிமிடங்களில் சொன்னீர்களானால், அதை வாங்குபவர் தம் தொழிலுக்குத் தேவையான செய்தியாகவே கேட்பார்.

மொழி இந்தியாக இருக்க வேண்டும். அல்லது தமிழில் பேசுபவரின் பேச்சை ஒருவர் இடையிடையே இந்தியில் எடுத்துச்சொல்ல வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் கிடங்கில் சரக்குத் தேங்கியிருக்கும்போது விலை ஏறும் என்று பேசினால், வாங்குபவர்கள் இரண்டாவது பகுதியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கையிருப்பு இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு உங்கள் கணிப்பைச் சொல்லுங்கள். விளைச்சல் மோசமாக இருக்கும் மாதத்தில் அதை அப்படியே சொல்பவரின் பேச்சுக்குத்தான் நல்ல மாதத்திலும் மதிப்பு இருக்கும்.

கேள்வி (தோட்ட உரிமையாளர், கம்பம்): எங்கள் தோட்டம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக ஏறி மாலையில் திரும்புகிறார்கள். அவர்களுக்காகப் பாட்காஸ்ட் நடத்தலாமா? எந்தச் செயலியில் போடுவது?

நடத்தலாம், செயலியில் போட வேண்டாம். மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால் அந்த நேரத்தில் இணையத்திலிருந்து கேட்கச் சொல்வது வீண். முந்தைய இரவே ஒலிக்கோப்பு அவர்கள் கைப்பேசியில் இறங்கியிருக்க வேண்டும். பலரிடம் இருப்பது குறைந்த நினைவகம் உள்ள கைப்பேசி. அதில் புதிய செயலி ஒன்றை நிறுவச் சொன்னால் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் என்ற வசதி இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே முதல் வேலையாகத் தோட்டத்து எண் ஒன்றை எல்லோர் கைப்பேசியிலும் கங்காணி மூலம் பதியவையுங்கள்.

உள்ளடக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். முதலாளி தீபாவளி வாழ்த்துச் சொல்லும் ஒலிப்பதிவை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. போனஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது, வருங்கால வைப்புநிதி எடுக்க என்ன தாள் வேண்டும், மருந்து அடித்த பகுதிக்குள் எத்தனை நாள் கழித்துப் போகலாம், மழையால் பாதியில் திரும்பும் நாளுக்குக் கூலி உண்டா இல்லையா என்பவற்றை அவர்களே கேள்வியாகக் குரலில் அனுப்ப, கணக்கரும் மேற்பார்வையாளரும் பதில் சொல்லும் வடிவத்தில் அமையுங்கள். சங்கடமான கேள்வியை வெட்டிவிட்டால் அந்த வாரத்தோடு உங்கள் நிகழ்ச்சி முடிந்தது.

வடக்கே கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றும் கூடங்களில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் அவர் பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக்கொடுத்த வழக்கம் நன்கு அறியப்பட்டது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இப்படிப் படிப்பவர்கள் இருந்தார்கள். இரண்டு இடத்திலும் முதலாளி விரும்பியதன்று, தொழிலாளி விரும்பியதே படிக்கப்பட்டது என்பதால்தான் அது நிலைத்தது. அதே காரணத்தால், கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாயமான பாதுகாப்புப் பயிற்சி என்றால் அதைக் கூலி உண்டான வேலை நேரத்தில் நடத்துங்கள். ஜீப்பில் தூங்கிக்கொண்டு போகும் நேரம் அவர்களுடையது.

கேள்வி (கம்பம்): பதிவு செய்யத் தனி அறை கட்ட வேண்டுமா?

வேண்டாம். மூட்டைகள் அடுக்கிய கிடங்கு அறையே போதும். சாக்கு எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். சட்டையில் மாட்டும் சாதாரண மைக் ஒன்று வாங்கிக் கைப்பேசியில் பதியுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோவில் நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்பி3 ஆக்கினால் 15 நிமிடப் பகுதி ஏறத்தாழ 7 எம்பிதான் வரும்.

கேள்வி (குமுளி): பேசுவதற்குப் பண்பலையில் அனுபவம் உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாமா?

இந்தப் பள்ளத்தாக்கில் கோடைப் பண்பலையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதிகம் என்பதால் இந்த ஆசை எழுவது இயல்பு. தொகுத்துக் கொடுக்க அவரை அமர்த்துங்கள். பேச அமர்த்த வேண்டாம். அமெரிக்காவின் டிரேடர் ஜோஸ் மளிகைக் கடை நிறுவனம் 2018 முதல் வெளியிட்டுவரும் பாட்காஸ்ட்டில் அந்த நிறுவனத்தின் ஊழியர்களேதான் பேசுகிறார்கள். வாடிக்கையாளர் கேட்க விரும்புவது சரக்கைக் கையால் தொட்டவரின் பேச்சை. திக்கினாலும் பரவாயில்லை.

கேள்வி (மசாலா விற்பனையாளர், கூடலூர்): தொடக்கத்தில் பத்து விநாடி மட்டும் சினிமாப் பாட்டு போட்டால் தவறில்லை என்கிறார்களே?

பத்து விநாடிக்கு மன்னிப்பு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஒலிப்பதிவுக்கு ஒருவரும் இசைக்கும் வரிகளுக்கும் வேறு சிலரும் உரிமையாளராக இருப்பார்கள். வணிகத்துக்காகப் பயன்படுத்தும்போது எல்லோரிடமும் அனுமதி பெற வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவில் ஒலிபரப்பாளர்களுக்கு உள்ள சட்டமுறை உரிம வசதி இணையச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே வானொலியில் போடுகிறார்களே என்பது உங்களுக்கு வாதமாகாது. உள்ளூர் நாதஸ்வரக் கலைஞர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, எழுத்தில் உரிமை வாங்கிக்கொண்டு, அரை நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வைத்தியசாலை, குமுளி): எங்கள் தைலத்தால் சர்க்கரை நோய் குணமானவர்களைப் பேசவைக்கலாமா?

கூடாது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், நீரிழிவு உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. பாட்காஸ்ட் என்பதால் அது விளம்பரம் இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி (பலர்): எத்தனை பேர் கேட்டால் வெற்றி?

முதலில் எண்ணிக்கை எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐ.ஏ.பி. என்ற விளம்பரத் துறை அமைப்பின் வரையறைப்படி, குறைந்தது ஒரு நிமிடத்துக்கான ஒலி இறங்கியிருந்தால் அது ஒரு பதிவிறக்கம். ஒரே கருவி 24 மணி நேரத்துக்குள் மறுபடி இறக்கினாலும் ஒன்றுதான். இறக்கியவர் கேட்டாரா என்பதை அந்த எண் சொல்லாது. ஆப்பிள் 2023-இல் தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியபோது பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. கேட்பவர்கள் அதனால் குறைந்துவிடவில்லை.

போடி வணிகருக்கு நாற்பது பெரிய வாங்குநர்கள் இருந்தால், அவர்களில் இருபது பேர் தொடர்ந்து கேட்பதே போதும். தொலைபேசியில் பேசும்போது நிகழ்ச்சியில் சொன்ன ஏதாவது ஒன்றை அவர்களே குறிப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். தோட்டத்தில் என்றால், குரலில் வரும் கேள்விகளின் எண்ணிக்கையே அளவுகோல்.

கேள்வி (ஏற்றுமதி நிறுவனம், போடி): விற்பனைப் பிரிவினருக்கு மட்டும் ரகசியமாக அனுப்ப முடியுமா?

தனியார் ஊட்டம் (பிரைவேட் ஃபீட்), அதாவது நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் கேட்கும் நிகழ்ச்சி வரிசை, என்ற வசதியைக் கட்டணச் சேவைகள் தருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனி இணைய முகவரி கிடைக்கும், வேலையை விட்டுப் போனவரின் முகவரியை அணைத்துவிடலாம். ஆப்பிளின் செயலியில் அந்த முகவரியைச் சேர்க்க முடியும், ஸ்பாட்டிஃபையில் நேரடியாகச் சேர்க்க முடியாது. இருந்தாலும் ஒலியை இன்னொரு கைப்பேசியில் பதிந்துகொள்வதை எதுவும் தடுக்காது. போட்டியாளரிடம் போனால் நட்டம் வரும் விலைப் பேச்சைக் கூட்டத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மசாலாக் கடை, குமுளி): எங்களுக்குத் தேக்கடி வரும் சுற்றுலாப் பயணிகள்தான் வாடிக்கையாளர்கள். நாங்களும் தொடங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஒருமுறை வந்து போகிறவர் வாரந்தோறும் உங்களைக் கேட்கக் காரணம் இல்லை. மிளகையும் பட்டையையும் ஊரில் எப்படிக் காற்றுப்புகாமல் வைப்பது, நல்ல ஏலக்காயை எப்படி அறிவது என்று தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மும்மூன்று நிமிட ஒலிப்பதிவு செய்து, பொட்டலத்தின் மேல் கியூஆர் குறியாக ஒட்டிவிடுங்கள். தபாலில் மறுபடி வாங்குகிறவர்கள் பெருகினால் அப்போது தொடர் நிகழ்ச்சியைப் பற்றி யோசிக்கலாம். அப்படித் தொடங்கும்போது மூன்று மொழிகளையும் ஒரே ஊட்டத்தில் கலக்காமல் மொழிக்கொன்றாகப் பதிவுசெய்யுங்கள். ஓர் ஊட்டத்துக்கு ஒரு மொழியைத்தான் குறிப்பிட முடியும் என்பது ஒரு காரணம், புரியாத மொழியில் இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து வந்தால் கேட்பவர் விலகிவிடுவார் என்பது இன்னொன்று.