பதில்: திரையில் வரும் எரர் செய்தி, கோடில் எங்கே தேடினாலும் இல்லை

"பதிவு 4821 கிடைக்கவில்லை" என்று எரர் வருகிறது, ஆனால் ரிப்கிரெப்பில் (கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கருவி) தேடினால் ஒரு வரிகூடச் சிக்கவில்லை, மூன்று மாதம் முந்தைய பதிப்பில் இந்த எரர் இல்லை என்கிறீர்கள். முழுச் செய்தியையும் அப்படியே தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 4821 என்பது நிரல் ஓடும்போது வந்து ஒட்டிக்கொள்ளும் எண். கோடில் அந்த இடத்தில் வெறும் மாறிதான் இருக்கும். "கிடைக்கவில்லை" என்று மட்டும் தேடுங்கள். அது மொழிபெயர்ப்புக் கோப்பில் சிக்கினால், அங்கே அதற்கு ஒரு சாவிப்பெயர் இருக்கும்; கோடு அந்தப் பெயரைச் சொல்லித்தான் செய்தியை அழைக்கும். அப்புறம் அந்தப் பெயரைத் தேட வேண்டும். இந்த இரண்டாவது தேடலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, கிட்இக்னோரில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) உள்ளவற்றையும் மறைந்த கோப்புகளையும் ரிப்கிரெப் தானாகவே ஒதுக்கிவிடும். பில்டில் (நிரலை ஓடும் வடிவுக்குக் கட்டும்போது) தானாக உருவாகும் கோடு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ரிப்கிரெப் கட்டளையோடு மைனஸ் யுயு (-uu) சேர்த்து ஓட்டிப் பாருங்கள், அவற்றிலும் தேடும்.

சரி, வரி கிடைத்துவிட்டாலும் அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். அது புகார் சொல்லும் இடம் மட்டுமே. பதிவைத் தொலைத்தது வேறு யாராவது இருக்கலாம். பழைய பதிப்பு சரியாக ஓடியது என்பதால் கிட் பைசெக்ட்தான் உங்களுக்குச் சரியான வழி; பழைய பதிப்புக்கும் இப்போதையதற்கும் நடுவே பாதி பாதியாகப் பிரித்து, பிழை நுழைந்த இடத்தை அது காட்டும். நடுவில் 1000 கமிட் (கிட்டில் பதிந்த மாற்றங்கள்) இருந்தாலும் சுமார் 10 சோதனையில் முடிந்துவிடும். சோதனையை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி பைசெக்ட் ரன் (git bisect run) கட்டளையிடம் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு கமிட்டிலும் அதுவே ஓட்டிப் பார்க்கும்: சரியென்றால் 0, பிழை வந்தால் 1, பில்டே ஆகாவிட்டால் 125 திருப்ப வேண்டும். 125 கண்டால் அந்தக் கமிட்டை அதுவே தாண்டிவிடும்.

எந்தக் கமிட்டில் வந்து நிற்கிறது என்று இங்கே போடுங்கள், பார்க்கலாம்.