20 வருஷம் கழித்துக் கொலைப் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: 2004-ல் என் அண்ணன் ஊர்க் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். '174' (சந்தேக மரண விசாரணைக்கான சட்டப்பிரிவு) போட்டு, தவறி விழுந்ததாக முடித்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் அடிபட்டவரைத்தான் கிணற்றில் தூக்கிப் போட்டார்கள் என்று அங்கே அப்போது வேலை பார்த்தவர் இப்போது சொல்கிறார். ஜப்பானில் கொலைக்குக் காலக்கெடுவையே எடுத்துவிட்டார்களாமே, இங்கே எப்படி?

பதில்: ஜப்பானில் 25 ஆண்டு கெடு இருந்தது, 2010-ல் நீக்கினார்கள். நம் நாட்டில் கொலைக்குக் கெடுவே கிடையாது. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுவரை உள்ள குற்றங்களுக்குத்தான் கெடு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468-ம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 514.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. மின்வேலி மரணத்தை ஐ.பி.சி. (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்) 304-ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம் என்று பதிந்தால் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. குற்றம் நடந்த நாளிலிருந்து எண்ணினால் 3 ஆண்டுக் கெடு 2007-லேயே முடிந்துபோயிற்று. குற்றம் நடந்ததே இப்போதுதான் தெரியவந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்துதான் கெடுவை எண்ண வேண்டும் என்று வாதிடலாம் (பழைய 469, இப்போது 515). அது எடுபடாவிட்டால் தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம், ஆனால் 20 வருஷத்துக்கு மேல் என்றால் நான் பெரிதாக நம்ப மாட்டேன். ஆள் சாவான் என்று தெரிந்தே கரண்ட் விட்டார்கள் என்றால் 304 இரண்டாம் பகுதி (கொலை ஆகாத மரணக் குற்றம்). தண்டனை 10 ஆண்டுவரை, கெடு இல்லை. எனவே மனுவில் 'விபத்து' என்ற சொல்லே வர வேண்டாம். திருட்டுக் கரண்டா, நடைபாதையை ஒட்டிப் போட்டார்களா, முன்பு மாடு ஏதாவது அடிபட்டதா என்று எழுதுங்கள்.

(ஐ.பி.சி.க்குப் பதில் வந்த புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 106-ல் கவனக்குறைவு மரணத்துக்கு 5 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு அந்தக் கெடு சத்தமில்லாமல் போய்விட்டது. சிகிச்சையின்போது நேர்ந்தால் மருத்துவருக்கு மட்டும் பழைய 2 ஆண்டுதான். உங்கள் அண்ணன் வழக்குக்குப் பழைய ஐ.பி.சி.யே பொருந்தும்.)

முதலில் 174 கோப்பைத் தேடுங்கள். ஸ்டேஷனில் இல்லை என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் கையிலோ காலிலோ கருகிய காயம் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா, நுரையீரலில் தண்ணீர் இருந்ததா என்று பாருங்கள். அந்த ஒரு தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் வேலைக்காரர் பேச்சை மட்டும் வைத்து நிற்பது கஷ்டம். 'இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். அவர் யாருக்குப் பயந்தார், எப்போது உங்களிடம் சொன்னார் என்பதைத் தேதியோடு புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றோடு, விசாரிக்கப் போலீசுக்கு உத்தரவிடக் கோரி மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3) மனு போடுங்கள்.