விக்கியில் எழுதுவது யார்? – கேள்வி பதில்

மதுரையில் நடந்த தமிழ் விக்கிப்பீடியா பயிற்சியில் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டன. பதில்கள் இதோ.

மேலூர், பள்ளி ஆசிரியை: புனைபெயரில் யாரும் எழுதலாம் என்றால் எப்படி நம்புவது? உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் என்ன?

செய்து பார்த்தாயிற்று, டீச்சர். விக்கிப்பீடியாவுக்கு முன்பே, 2000இல், நியூப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் வந்தது. அறிஞர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டப் பரிசோதனை நடக்கும். 2003இல் மூடும்போது முழுதாகத் தேறியவை இரண்டு டஜன் கட்டுரைகள்தான். அதன் ஆசிரியரும் விக்கிப்பீடியாவின் இணை நிறுவனருமான லாரி சாங்கரே பிறகு சிட்டிசெண்டியம் என்ற இன்னொரு இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கினார். 2007 மார்ச்சில் எல்லோருக்கும் திறந்தார்கள். உண்மைப் பெயர் கட்டாயம், நிபுணர் பார்த்து ஒப்புதல் முத்திரை தருவார். பதினைந்தாயிரம் கட்டுரைகளைத் தாண்டியும் முத்திரை பெற்றவை இருநூறைத் தொடவில்லை. அதில் ஹோமியோபதி கட்டுரைக்கு ஒப்புதல் கிடைத்ததும், அந்த வைத்தியத்துக்குச் சாய்ந்து எழுதியிருக்கிறது என்று பலத்த விமர்சனம் வந்தது. ஹோமியோபதிக்கு நிபுணர் யார்? ஹோமியோபதி மருத்துவரா, மருந்தியல் விஞ்ஞானியா? பெயரைக் கேட்டால் இதற்கு விடை வராது.

அதனால் எழுதியவர் யார் என்று தேடாதீர்கள். வரிக்குப் பக்கத்தில் மேற்கோள் எண் இருக்கிறதா, அந்த நூல் உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா என்று பாருங்கள்.

வில்லாபுரம்: எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் தொடங்க வேண்டும்.

வேண்டாம். உங்களைப் பற்றி நீங்களே எழுதாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் விதி.

திருநகர், ஓய்வுபெற்ற பேராசிரியர்: முப்பதாண்டு பாடம் நடத்திய நான் எழுதியதை ஏதோ ஒரு பையன் நீக்குகிறான். இது என்ன நியாயம்?

வருத்தம் புரிகிறது ஐயா. அவர் 'மேற்கோள் தேவை' என்று கட்டுரையோடு உள்ள பேச்சுப் பக்கத்தில் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் பேராசிரியர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆங்கில விக்கிப்பீடியாவில் தன்னை இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்ட நிருவாகி ஒருவர், அந்தப் பட்டம் எதுவும் இல்லாத 24 வயது இளைஞர் என்று 2007இல் தெரிந்தது. பட்டங்களைச் சரிபார்க்கலாமே என்று விக்கிப்பீடியாவின் இன்னொரு நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் சொன்னார், பயனர்கள் ஏற்கவில்லை. உங்கள் அறிவுக்கு அங்கே பெரிய வேலை இருக்கிறது. எந்த நூலில் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அவரே மறுபடியும்: பெயர் போட்டால் வெட்கமாவது இருக்கும். 'அபிதான சிந்தாமணி' கலைக்களஞ்சியத்தில் அதைத் தொகுத்த சிங்காரவேலு முதலியார் பெயர் இல்லையா?

இருக்கிறது. 1910இல் நம் மதுரைத் தமிழ்ச் சங்கம்தான் வெளியிட்டது. ஒருவர் உழைப்பு, ஒரு பதிப்பாளர், பொறுப்பும் அவர்களுடையது. விக்கியிலோ ஒரு பத்தியில் இருபது பேர் கை படுகிறது. யார் பெயரை அட்டையில் போடுவீர்கள்?

உசிலம்பட்டி, கல்லூரி மாணவர்: பேராசிரியருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சாதிக் கட்டுரை ஒன்றில் ஆதாரமில்லாத பெருமையை நீக்கினேன். என் பெயரும் ஊரும் தெரிந்திருந்தால் வீட்டு வாசலில் ஆள் நின்றிருக்கும்.

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பெயரில் வெட்கம் வரும் என்கிறார் ஐயா. நம் பக்கம் முதலில் பயம் வரும், ஆதாரம் உள்ளவர் ஒதுங்குவார், ஆள்பலம் உள்ளவர் எழுதுவார். அப்புறம் இன்னொன்று, முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கும் விதி இனிஷியல் போடும் ஊருக்குப் பொருந்தாது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நின்று 'செந்தில்' என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்!

பேராசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகென்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்ட பொய் மாதக்கணக்கில் பக்கத்தில் கிடந்தது. எழுதியவர் பயனர் கணக்கே தொடங்காதவர். அதன் பிறகு ஆங்கில விக்கியில் கணக்கில்லாமல் புதுக் கட்டுரை தொடங்க முடியாது. கணக்கு வேண்டும் என்பது சரி. அடையாள அட்டை கேட்பது வேறு.

சிலைமான்: கீழடிக்கு வயது என்ன? ஒரே வரியில்.

என் துறை இல்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்றது தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 அறிக்கை. யார் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அனுப்பானடி: என் மாமா நல்ல சமூக சேவகர். அவருக்கு ஒரு பக்கம்...

வில்லாபுரத்துக்குச் சொன்னதேதான். மாமா, சித்தப்பா, மேனேஜர், எல்லோருக்கும் சேர்த்து.

திருமங்கலம்: பிரிட்டானிக்காவைவிட விக்கி மேலாமே?

அப்படி இல்லை. 'நேச்சர்' இதழ் 2005இல் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கியில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. அந்த ஆய்வையே பிரிட்டானிக்கா மறுத்தது.

வாடிப்பட்டி: சரி, கணக்குக்கு என்ன பெயர் வைக்கலாம்?

உங்கள் விருப்பம். நிறுவனப் பெயர் வேண்டாம், தொலைபேசி எண்ணும் வேண்டாம். மின்னஞ்சலை மட்டும் மறக்காமல் சேருங்கள், இல்லாவிட்டால் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை.