டீச்சரிடம் கேளுங்கள்: ஓடிப்போன அதிபர்கள்

நெடுநாள் ஆண்ட அதிபர்கள் எப்படி விழுகிறார்கள் என்று கேட்ட ஒரு வாசகருக்குச் சென்ற இதழில் இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன்: "நெடுநாள் ஆண்டவரைத் தெருவில் கூடும் கூட்டம் மட்டும் இறக்கிவிடுவதில்லை, அவருக்குக் கைகட்டி நின்றவர்கள் கட்டிய கையை அவிழ்க்கும் நாளில்தான் இறங்குகிறார். துனிசியாவைப் பாருங்கள்." (வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவை 23 வருடம் ஆண்ட அதிபர் பென் அலி 2011இல் ஓடியதைத்தான் சொன்னேன்.) அந்த இரண்டு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். சமையல், ஜாதகம், மருமகள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கே: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளின் குறிப்பேட்டில், "வேலை கிடைக்காத பட்டதாரி பழ வியாபாரி தீக்குளித்ததால் துனிசியாவில் ஆட்சி கவிழ்ந்தது" என்று இருக்கிறது. ஒருவர் இறந்தால் 23 வருட ஆட்சி கவிழுமா? (ஒரு தந்தை, திருப்பாதிரிப்புலியூர்)

ப: "பட்டதாரி" என்பதை முதலில் அடித்துவிடச் சொல்லுங்கள். முகமது புவாசிசி பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். சிதி பூசித் என்ற உள்நாட்டு ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். வயது 26. 2010 டிசம்பர் 17 அன்று நகராட்சி ஆட்கள் அவருடைய சரக்கையும் தராசையும் பறிமுதல் செய்தார்கள். ஆளுநர் அலுவலகத்துக்குப் போய் முறையிட முயன்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தின் முன்பே தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4 அன்று மருத்துவமனையில் இறந்தார். பெண் அதிகாரி ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார் என்ற செய்தி உலகமெங்கும் போனது. அந்த அதிகாரி அதை மறுத்தார். அதிபர் ஓடிய பிறகு, 2011 ஏப்ரலில், அந்த அதிகாரி மீதான வழக்கும் கைவிடப்பட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே 2010 மார்ச்சில் மொனாஸ்தீர் என்ற ஊரில் வேறொரு தெரு வியாபாரி இதே போலத் தீக்குளித்தார். அரசு அசையவே இல்லை. அதற்கும் முன்னால், 2008இல், கஃப்சா பகுதியின் பாஸ்பேட் சுரங்க ஊர்களில் வேலை நியமனத்தில் மோசடி என்று மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. அதையும் அடக்கிவிட்டார்கள். தீ மட்டும் போதுமென்றால் மார்ச்சிலேயே ஆட்சி போயிருக்க வேண்டும்.

சிதி பூசித்தில் மட்டும் என்ன நடந்தது? அன்றே உறவினர்கள் ஆளுநர் அலுவலக வாசலில் கூடி நின்றதை ஒருவர் செல்பேசியில் படம் பிடித்தார். அது இணையத்தில் ஏறி, அல் ஜசீரா தொலைக்காட்சியில் வந்தது. அடுத்த வேலையைச் செய்தவர்கள் தொழிற்சங்கக்காரர்கள். துனிசியாவில் 1946இல் தொடங்கிய ஒரு பொதுத் தொழிற்சங்கம் இருக்கிறது. அதன் தலைமை அதிபர் பென் அலியோடு அனுசரித்துப் போய்க்கொண்டிருந்தது. ஊர்க்கிளைகளோ பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள் கையில் இருந்தன. (என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதால் சற்றுப் பெருமையோடு எழுதுகிறேன்.) அவர்கள் ஒவ்வோர் ஊராகப் போராட்டத்தைக் கொண்டுபோனார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். ஜனவரி 8 முதல் 10 வரை காசரீன், தாலா ஊர்களில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதன் பிறகு சங்கத் தலைமையாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஜனவரி 12 அன்று ஸ்ஃபாக்ஸ் என்ற தொழில் நகரமே வேலைநிறுத்தத்தில் நின்றது. 14ஆம் தேதி தலைநகர் துனிஸில் உள்துறை அமைச்சகத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அன்று மாலை பென் அலி விமானம் ஏறினார்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். புவாசிசிக்குப் பிறகு அந்த நாட்டில் எத்தனையோ பேர் அதே வழியில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாருக்காகவும் ஓர் அமைச்சர்கூடப் பதவி விலகவில்லை. தீக்குளிப்பைத் தியாகம் என்று மேடை போட்டுப் பேசிப் பழகிய நாடு நம்முடையது. அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

கே: தெருவில் இறங்கிச் செத்தவர்களை விட்டுவிட்டு, கைகட்டி நின்றவர்களுக்குப் பெருமை சேர்க்கிறீர்களே, இது நியாயமா? (ஒரு வாசகர், தேவனாம்பட்டினம்)

ப: துனிசியாவில் 300க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால் யாருடைய கையும் அவிழ்ந்திருக்காது. கோபம் புரிகிறது. நான் சொன்னது யார் பெரியவர் என்பதை அல்ல. எது எந்த வரிசையில் நடக்கிறது என்பதை.

கே: தெருவோரம் பலாச்சுளையும் கொய்யாவும் விற்கிறேன். போன மாதம் உள்ளாட்சி ஊழியர்கள் என் தராசையும் இரண்டு கூடைப் பழத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீங்கள் துனிசியா என்று எழுதியதும் அங்கே தீக்குளித்த பழ வியாபாரித் தம்பி நினைவு வந்தது. நான் என்ன செய்யலாம் டீச்சர்? (ஒரு சகோதரி, பண்ருட்டி)

ப: அந்தத் தம்பிக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது, அம்மா: சட்டம். தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்காக 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். நீங்கள் உரிய கட்டணத்தைக் கட்டிப் பொருளைக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். தராசு, கூடை போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். இடத்தை விட்டு அப்புறப்படுத்துவதென்றால் 30 நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். தெரு வியாபாரத்துக்கென்று நகர விற்பனைக் குழு என்று ஒன்றும் உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு எப்போது கூடியது, உங்கள் பெயர் தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். இந்த இதழின் முகவரிக்கு உங்கள் மனுவின் நகலை அனுப்பினால் வாசகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.

கே: ஓர் ஆட்சியை வீழ்த்த எத்தனை பேர் தெருவுக்கு வர வேண்டும்? கணக்கு ஏதாவது இருக்கிறதா? (ஒரு மாணவர், காலாப்பட்டு)

ப: ஆராய்ச்சியாளர்கள் ஏதேதோ சதவீதம் சொல்கிறார்கள். நான் தலை எண்ணுவதில்லை. உத்தரவு எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பேன்.

பிலிப்பைன்ஸில் மார்கோஸ் 20 வருடம் ஆண்டார். 1986 பிப்ரவரி 7 அன்று அவசரத் தேர்தல் நடந்தது. இரண்டு நாள் கழித்து, வாக்குகளைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்த கணினி ஊழியர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர், தாங்கள் பதிந்த எண்ணும் வெளியே அறிவிக்கப்படும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று எழுந்து வெளியேறினார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அந்த மாத இறுதியில் பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத்தின் துணைத் தளபதியும் மார்கோஸை விட்டு எதிர்ப்பக்கம் மாறினார்கள். தலைநகர் மணிலாவின் எட்சா சாலையில் லட்சக்கணக்கானோர் டாங்கிகளை மறித்தார்கள். 25ஆம் தேதி இரவு மார்கோஸ் மாளிகையை விட்டு ஓடினார். எல்லாரும் எட்சாவைத்தான் படம் போடுகிறார்கள். எனக்கு அந்த எழுந்துபோன பெண்களைத்தான் பிடிக்கும்.

ருமேனியாவில் சௌசெஸ்கு 1989 டிசம்பர் 21 அன்று தானே கூட்டிய கூட்டத்திலேயே கூச்சல் வாங்கினார். மறுநாள் ராணுவம் மக்கள் பக்கம் மாறியது. அவர் ஹெலிகாப்டரில் கூரையிலிருந்து தப்பினார். 25ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அதே 1989 ஜூனில் பெய்ஜிங்கில் கூட்டம் குறைவா? உத்தரவு நிற்கவில்லை, ராணுவம் சுட்டது, அவ்வளவுதான்.

நம் புதுச்சேரியிலும் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் நம்பிக்கைக்குரியவராக, பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்த எதுவார் குபேர், 1954 மார்ச்சில் இந்தியாவோடு இணைப்புக் கேட்டவர்கள் பக்கம் தாண்டினார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசே அமைத்தார். அந்த அக்டோபர் 18 அன்று கீழூர் வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். குண்டாந்தடியும் சிறையும் தாங்கியவர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் சுப்பையா போன்றவர்கள். கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் குபேர் பெயரில் இருக்கின்றன. கடைசி நேரத்தில் தாண்டியவருக்குத்தான் சாலை கிடைக்கும் போலிருக்கிறது.

தாண்டாதவர்களும் உண்டு. 1979 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் அரசு புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கப் போகிறது என்று ஊர் கொதித்தது. நான் கல்லூரி மாணவி. நேரு வீதி முழுக்கக் கடை அடைப்பு. எங்கள் தெருவில் குடியிருந்த போலீஸ்காரர் காலையில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் நீர்மோர் வாங்கிக் குடித்தார். இணைப்பு கூடவே கூடாது என்று எங்களைவிட ஆவேசமாகப் பேசினார். குவளையைக் கீழே வைத்தார், லத்தியை எடுத்தார், எங்களை அடிக்கப் போனார். இணைப்புப் பேச்சு பின்பு கைவிடப்பட்டது. ஆனாலும் மனத்தளவில் நம் பக்கம் இருப்பவர் எல்லாரும் கையை அவிழ்ப்பார் என்று நான் அதன் பிறகு நம்பியதில்லை.

கே: என் தகப்பனார் சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்); வட ஆப்பிரிக்காவில் பணி செய்தவர். வீட்டில் இன்னும் பிரெஞ்சு பென்ஷன் வருகிறது. துனிசியா விவகாரத்தில் பிரான்ஸ் மக்கள் பக்கம்தானே நின்றது? (ஒரு வாசகர், வைத்திக்குப்பம்)

ப: வருத்தமாக இருக்கும், ஐயா. 2011 ஜனவரி 11 அன்று, காசரீனில் சுட்டுக் கொன்ற மறுநாளே, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் மிஷேல் அலியோ-மரி நாடாளுமன்றத்தில் எழுந்து, கூட்டத்தைச் சமாளிக்கும் தங்கள் போலீஸ் அனுபவத்தைத் துனிசியாவுக்கு வழங்கலாம் என்று பேசினார். மூன்றாம் நாள் பென் அலி ஓடினார். அந்த டிசம்பர் விடுமுறையை அமைச்சர் துனிசியாவிலேயே, அதிபர் குடும்பத்துக்கு நெருக்கமான தொழிலதிபரின் தனி விமானத்தில் பறந்து கழித்தது பின்பு வெளியானது. பிப்ரவரி இறுதியில் பதவி போனது. ஓடியவரைப் பிரான்ஸ் ஏற்கவில்லை. சவூதி அரேபியா ஏற்றது. 2019இல் அங்கேயே இறந்தார். சமத்துவம், சகோதரத்துவம் என்றெல்லாம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நானும்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கே: 2022இல் இலங்கையில் நடந்ததை ஏன் சொல்லவில்லை? (கீழ்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் இளைஞர்)

ப: கோத்தபய 2019இல்தான் அதிபரானார், நெடுநாள் ஆண்டது குடும்பம். அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருந்த கசப்பைப் பார்த்த பிறகு சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எரிவாயுவும் பெட்ரோலும் தீர்ந்தபோது கொழும்பு காலி முகத்திடலில் கூடினார்கள். ஜூலை 9 அன்று அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள். நீச்சல் குளத்தில் குதித்த படத்தை உலகம் ரசித்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியிலிருந்து சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கேமரா வரவில்லை. கோத்தபய ஓடிய பிறகும் அவர்கள் கேட்ட பிள்ளைகளைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அதே நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவே.

கே: சரி, ஓட்டிவிட்டார்கள். காய்கறி விலை குறைந்ததா? (ஓர் இல்லத்தரசி, முதலியார்பேட்டை)

ப: இல்லை. இந்தக் கேள்விக்காக உங்களுக்கு மாலை போட வேண்டும். துனிசியர்கள் 2011 அக்டோபரில் ஒழுங்காகத் தேர்தல் நடத்தினார்கள். 2014இல் நல்ல அரசியல் சாசனம் எழுதினார்கள். கட்சிகள் முட்டிக்கொண்டபோது அந்தப் பழைய தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமை அமைப்பு, வழக்கறிஞர் சங்கம் நான்கும் உட்கார வைத்துப் பேசின; அதற்கு 2015இல் நோபல் அமைதிப் பரிசு. ஆனால் சிதி பூசித்தில் இளைஞர்களுக்கு வேலை வரவில்லை. சலித்துப்போன மக்கள், 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். பின்பு அவர் தனக்கேற்ற சாசனம் எழுதிக்கொண்டு, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பினார். பிலிப்பைன்ஸில் மார்கோஸின் மகனே 2022இல் அதிபராகிவிட்டார். இந்தோனேசியா மட்டும் ஆறுதல்: 32 வருடம் ஆண்ட சுகார்த்தோ 1998 மே மாதம் விலகினார், 2004 முதல் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கே: விழப் போகிறார் என்பதற்கு அறிகுறி உண்டா? (அதே மாணவர், காலாப்பட்டு)

ப: தொலைக்காட்சியில் வந்து ரொட்டி, பால், சர்க்கரை விலையைக் குறைப்பதாகவும் அடுத்த முறை நிற்கப் போவதில்லை என்றும் சொன்னால் மூட்டை கட்டியாயிற்று என்று பொருள். பென் அலி ஜனவரி 13 இரவு அப்படித்தான் பேசினார்.

கே: ஜனவரி 14 அங்கே விடுமுறையா? நம் பொங்கல் நேரத்தில் வருகிறதே! (ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்)

ப: பத்து வருடம் விடுமுறையாக இருந்தது. 2021 டிசம்பரில் சையத் அதை மாற்றி, புவாசிசி தீக்குளித்த டிசம்பர் 17தான் புரட்சி நாள் என்று ஆணையிட்டார். 14ஆம் தேதி புரட்சி வழிதவறிய நாள் என்பது அவருடைய வாதம். அதிபர் ஒருவர் ஓடிய தேதியை இன்னோர் அதிபர் காலண்டரில் வைத்துக்கொள்ள விரும்பாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஜனவரி 14 அன்று துனிஸில் இப்போது அலுவலகம் உண்டு.