ஜேக் ஸ்டாண்டை நம்பி காருக்கு அடியில் படுக்கலாமா?

படுக்கலாம். ஜேக்கால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்தான் ஜேக் ஸ்டாண்ட். ஆனால் ஸ்டாண்டைவிட உங்கள் வீட்டுத் தரையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கோலாலம்பூர் செராஸில், வரிசை வீடான லிங்க் வீட்டு போர்ச்சில் பெரோடுவா மைவி காரைத் தூக்கி நிறுத்தி எண்ணெய் மாற்றப் போவதாகவும், அமெரிக்காவில் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்ற செய்தியைப் படித்துப் பயந்ததாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

செய்தி உண்மைதான். 2020இல் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற அமெரிக்கக் கருவி விற்பனை நிறுவனம், பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் சில வகைகளைத் திரும்பப் பெற்றது. தொழிற்சாலை அச்சுகள் தேய்ந்துபோனதால் ஸ்டாண்டின் உயரத்தை ஏற்றி இறக்கும் தண்டின் பற்களும் அவற்றைத் தாங்கும் கொக்கியும் ஆழமாகப் பொருந்தவில்லை. கார் அசைந்தால் ஸ்டாண்ட் சட்டென்று இறங்கிவிடலாம். மாற்றாக வந்த ஒரு வகையும் வெல்டிங் குறையால் திரும்பப் போனது. அதனால் எந்த ஸ்டாண்டை வாங்கினாலும், காரை அதன் மேல் இறக்கியதும் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். கொக்கி பல்லுக்குள் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும், நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. கூடுதலாக ஒரு பூட்டு ஊசி (pin) செருகும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அப்புறம் தரை. நம் ஊர் போர்ச்சை மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சரித்துத்தான் கட்டுகிறார்கள், அதற்கு மேல் டைல்ஸ் வேறு. சரிவு கண்ணுக்கே தெரிந்தால் அங்கே தூக்கவே வேண்டாம். ஸ்டாண்டின் கால்கள் மெல்லிய இரும்பு விளிம்புகள். அடியில் வெற்றிடம் உள்ள டைலில் நின்றால் உடைத்துக்கொண்டு இறங்கும். ஸ்பானரால் தட்டிப் பாருங்கள், டொக்கென்று வெற்றொலி கேட்டால் அந்த இடம் ஆகாது. நல்ல தரையிலும் கால்களுக்கு அடியில் கனமான பிளைவுட் போடுங்கள்.

காரைத் தூக்கப் பயன்படும், சக்கரம் வைத்த ட்ரோலி ஜேக்கின் தலை நேராக மேலே எழும்பாது, வளைந்துதான் எழும்பும். அதற்கு ஈடாக அதன் சின்னச் சக்கரங்கள் உருள வேண்டும். டைல் இடுக்கில் அவை மாட்டிக்கொண்டால் கார் இழுபடும், இல்லையென்றால் ஜேக்கின் தலை நழுவும். தூக்கும்போது உங்கள் கண் அந்தச் சக்கரங்கள் மேல் இருக்கட்டும்.

மைவிக்கு ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், ஆட்டோ கியரை பி-யில் (பார்க்) போட்டால் முன்சக்கரங்களை மட்டும். எண்ணெய் மாற்ற முன்பக்கத்தைத் தூக்கியதும் பி உதவாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செங்கல், சிமென்ட் கல் எதையும் காருக்கு முட்டுக் கொடுக்காதீர்கள், சொல்லாமல் நொறுங்கிவிடும்.

ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, வெளியே நின்றபடி காரைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். சரியாக நின்றால், கழற்றிய சக்கரமோ ஸ்பேர் டயரோ ஒன்றைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜேக்கையும் எடுக்காமல் லேசாக ஒட்டியபடி விட்டுவையுங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் அடியில் போங்கள். அவருக்கு ஜேக்கின் கைப்பிடியை எப்படி அடித்துத் தூக்குவது என்று முன்னாடியே காட்டிவிடுங்கள்.