தாத்தா வருகிறார், அவர் பாதங்களைப் பாருங்கள்

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறோம். நான் கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் முதல் முறையாக, அப்பாவும் அம்மாவும் கோவையிலிருந்து மே மாதம் இருபது நாள் தங்க வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 66, பிரஷருக்கு நீர் மாத்திரை எடுக்கிறார். சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்? பதநீர், நுங்கு கொடுக்கலாமா?

பதில்: பத்து வருஷம் கழித்து வருகிறார்கள் என்று படித்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது, சகோதரி. சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அப்பாவின் பாதங்கள்.

பதினைந்து வருஷச் சர்க்கரையில் பலருக்குப் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். சூடும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. நம் ஊரிலோ வேலிக்கு வேலி சீமைக்கருவேலம். காய்ந்த முள் ரப்பர் செருப்பையும் துளைத்துக் காலில் இறங்கும். உச்சிவெயிலில் கடற்கரை மணல் கொதிக்கும். நாம் துள்ளிக் குதித்து ஓடிவிடுவோம். மரத்த கால் நின்றுகொண்டே கொப்பளித்துவிடும்.

முன்பு ஒரு கோடையில், விருந்துக்கு வந்த பெரியவர் ஒருவரை அவர் மகள் என்னிடம் அழைத்து வந்தார். படுக்கை விரிப்பில் மஞ்சள் கறையைப் பார்த்துத்தான் வீட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டைவிரலுக்கு அடியில் அரிசி நீளத்துக்கு ஒடிந்த முள், சுற்றிலும் சீழ். "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். ராத்திரி படுக்கும் முன் பிள்ளைகள் கையில் டார்ச்சைக் கொடுத்து, தாத்தாவின் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கதை கேட்டபடியே அவர்கள் பார்த்துவிடுவார்கள். முள்ளோ, கொப்புளமோ, சின்னச் சிவப்போ இருந்தால் ஊக்கால் கிளற வேண்டாம், எருக்கம்பால் வைக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தடுப்பூசி தேவையா என்றும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். கடலுக்குப் போவது காலை எட்டு மணிக்குள் இருக்கட்டும், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. வாசலுக்கு இறங்கினாலும் செருப்பு வேண்டும்.

அடுத்தது ராமேஸ்வரம். நிச்சயம் போவீர்கள். விடியற்காலையில் கிளம்பி, வெறும் வயிற்றோடு 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்துத்தான் சாப்பாடு என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். கிளிமெபிரைடு சாப்பிடுபவருக்கு இது ஆபத்து. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டே தீர்த்தமாடட்டும். சாப்பாடு தள்ளிப்போனால் அந்த மாத்திரையும் தள்ளிப்போக வேண்டும். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், ஆனால் உடம்பு நனைந்திருக்கும்போது அது தெரியாது. கை நடுங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். பிராகாரத்தில் ஈரக்கல் வழுக்கும், இருவரையும் கையைப் பிடித்தே கூட்டிப்போங்கள்.

சரி, சாப்பாடு. இளசான நுங்கு இரண்டு மூன்று தாராளமாகக் கொடுக்கலாம். பதநீர் அப்பாவுக்கு வேண்டாம். ஒரு டம்ளரில் நான்கைந்து டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமமான இனிப்பு இருக்கிறது. ஆசைப்பட்டால் இரண்டு வாய், அவ்வளவுதான். கருப்பட்டியும் சர்க்கரைதான். மீன் நல்லது, பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். ஆனால் அவர்கள் வருவது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான். மீன் குறைகிற நாளில் நம் வீடுகளில் கருவாடு ஏறிவிடும். அம்மாவின் பிரஷருக்கு அந்த உப்பு ஆகாது. வெந்நீரில் ஊறவைத்து அலசினாலும் முழுக்கப் போகாது. வாரத்தில் ஒரு நாள், ஒரு துண்டு போதும். ஊறுகாய், அப்பளமும் அப்படித்தான்.

கோவைக் காற்றுக்குப் பழகியவர்களுக்கு நம் கடற்கரைப் புழுக்கம் புதிது. வியர்வை காயாது, உடம்பு குளிராது. நீர் மாத்திரையும் சேர்ந்தால் அம்மாவுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுங்கள், காய்ச்சிய தண்ணீராக. இதயம், சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் எவ்வளவு தண்ணீர், இளநீர் குடிக்கலாமா என்று அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

ரயில் ஏறும் முன் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரை ஐந்து நாளுக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். அப்பாவுக்குக் கனமான அடியும் மூடிய முன்பக்கமும் உள்ள செருப்பைக் கோவையிலேயே இப்போதே வாங்கி, வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நடந்து பழகிவிட்டு வரச் சொல்லுங்கள். புதுச் செருப்பு கடித்துப் புண்ணோடு வருபவர்களையும் நான் பார்க்கிறேன்.